கண்ணை மூடி யோசித்தவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரார்த்தனை முடிந்து எல்லோரும் அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கடிகாரக்காரரின் மனைவி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி இதைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளே மூன்று தடவை சிரித்துவிட்டாள். கடவுள் மன்னிக்கட்டும், நானும் சிரித்தேன்.

கடிகாரக்காரர் நல்ல மனிதர். நின்றுபோன எந்தக் கடிகாரத்தையும் ஓட வைத்துவிடுவார். ஆனால் வீட்டில் படம் ஓட ஆரம்பித்தால் இவர் நின்றுபோவார். இருபது நிமிடம், அதற்கு மேல் தாங்காது. ஒத்துக்கொள்ளவும் மாட்டார். “தூங்கலை, கண்ணை மூடி யோசிச்சேன்” என்பார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அப்படி யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் போகும் நூலகத்தில் ஒரு படக் குழு உண்டு. மாதம் ஒருவர் முறை. தலைவர் கொடுக்கும் படத்தை வீட்டில் பார்த்து, நிறை என்ன, குறை என்ன என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். இந்தத் தடவை இவர் முறை. ஒரே பென் டிரைவில் இரண்டு படம். ஒன்று கொலையும் துப்பறிதலும். இன்னொன்று, வருங்காலத்தில் உலகம் எப்படிச் சீரழியும் என்று காட்டுவது.

இதுவரை எந்தப் படமானாலும் மனைவிதான் பிறகு கதை சொல்வாள். இனி அந்த உதவியே வேண்டாம் என்று தீர்மானித்தார். அதோடு விட்டிருக்கலாம். துணி மடித்துக்கொண்டே பார்ப்பதெல்லாம் ஒரு பார்வையா என்று வேறு கேட்டுவிட்டார்.

“சரிங்க. நீங்க தூங்கிட்டா?”

“தூங்கினா இந்த நாற்காலி உனக்கு.”

டிவிக்கு எதிரே இருந்த ஒரே சாய்வு நாற்காலி அது. அவரே தோளில் சுமந்து மூன்று மாடி ஏற்றியது. அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

“அப்புறம், யோசிச்சேன்னு சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

மதியச் சாப்பாடு முடிந்து படம் ஆரம்பித்தது. மழையில் ஒரு பிணம். காலை இழுத்து நடக்கும் ஒரு இன்ஸ்பெக்டர். சிவப்புக் குடையோடு ஒருவன் ஓடுகிறான். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். பிறகு, கொஞ்சம்போல, சாய்ந்தார்.

கண்ணைத் திறந்தால் ஊரே சாம்பல் நிற உடுப்பில் வரிசையாக நிற்கிறது. இன்ஸ்பெக்டரைக் காணோம். மழையையும் காணோம். சங்கு ஊதினால் சாப்பிடுகிறார்கள், சங்கு ஊதினால் படுக்கிறார்கள். கடிகாரம் வைத்திருப்பது குற்றமாம். ஒரு கிழவர் கட்டிலுக்கடியில் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார். கடிகாரக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் கண்ணசந்ததற்குள் இவ்வளவா?

ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவி அமைதியாக உட்கார்ந்திருந்தாள். மலைபோல் இருந்த துணிக்கூடை காலியாக இருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. தன் கையால் சரிசெய்து மாட்டிய சுவர்க் கடிகாரத்தையும் பார்க்கத் தோன்றவில்லை. அவளிடம் கேட்டால் நாற்காலி போய்விடும். அதனால் தானே முடிச்சை அவிழ்த்தார். சாம்பல் உடுப்புக்காரர்கள் மாறுவேடப் போலீஸ், அவர்களில் ஒருவர்தான் இன்ஸ்பெக்டர், கிழவர்தான் கொலைகாரர், அந்தக் கடிகாரம்தான் தடயம்.

படம் முடிந்ததும் மனைவி பேனாவும் தாளும் கொண்டுவந்தாள்.

“சூட்டோட சூடா சொல்லுங்க, நான் எழுதறேன்.”

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி சொன்னார். நிறை: மழையில் தொடங்கி வறண்ட ஊரில் முடித்தது ஆழமான சிந்தனை. இன்ஸ்பெக்டரின் கால் எப்படிக் குணமானது என்று சொல்லாமல் நம் ஊகத்துக்கே விட்டது அருமை. குறை: அந்தச் சிவப்புக் குடை என்ன ஆயிற்று? மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் எழுதினாள். அவரும் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

“சரி, ரெண்டாவது படத்தைப் போடு.”

“ரெண்டுக்கும் சேர்த்துத்தாங்க இப்போ கையெழுத்துப் போட்டீங்க.”

அவர் யோசித்ததாகச் சொல்ல வாயைத் திறந்தார். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார். நாற்காலியை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“பாதியில எழுப்பியிருக்கலாமே?”

“எழுப்பினா தூங்கலைன்னு சொல்வீங்க. இருபத்தாறு வருஷமா எழுப்பிப் பார்த்துட்டேன்.”

சனிக்கிழமை வாசிக்க ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து, நாற்காலியில் சாய்ந்திருந்தவளைக் கெஞ்சினார். அவள் மனமிரங்கிச் சொன்னாள். கொலைப் படத்தில் ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் வர வைத்தது நன்றாக இருந்ததாம். ஆனால் அதுவரை முகமே காட்டாத ஒருவனைக் கடைசி பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து, இவன்தான் என்றது ஏமாற்று வேலையாம். இன்னொரு படம், ஒரு சொட்டு ரத்தம் இல்லாமலே பயமுறுத்தியதாம். ஆனால் அத்தனை கொடுமையான ஊரில் எல்லோர் உடுப்பும் மடிப்புக் கலையாமல் இருந்ததே, அதைத் துவைத்துத் தேய்த்தது யார் என்று மட்டும் யாரும் காட்டவில்லையாம்.

அப்படியே வாசித்தார். நூலகத்தில் கைதட்டல் அடங்கவில்லை. அடுத்த மாதமும் நீங்களே செய்யுங்கள் என்றார் தலைவர். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறீர்களே, எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்றும் கேட்டார்.

“தரையில,” என்றார் கடிகாரக்காரர்.

உங்கள் வீட்டில் பழைய திண்டு ஏதாவது சும்மா கிடந்தால் அவருக்குக் கொடுத்தனுப்புங்கள். தரை சில்லென்று இருக்கிறதாம்.