அப்பா தம்பினுக்குப் போன ஞாயிறு

படித்தவன் வாயைத் திறந்தால் வீட்டுக்கு நல்லது நடக்கும் என்று எங்கள் குடும்பம் நம்பிக்கொண்டிருந்தது. நானும் நம்பினேன். (எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.)

மலேசியாவில், எங்கள் ரந்தாவ் ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில், வீட்டுக்கு வீடு மின்சாரத்தை மணிக்கணக்கில் பதியும் ஸ்மார்ட் மீட்டர் மாட்டும் ஒரு கம்பெனியில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் என் பொறுப்பு. சொந்த எஸ்டேட்டிலேயே முடியாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தப் பெட்டி வீட்ல நடக்கறத எல்லாம் பார்க்குமாம்லா" என்றார் கோயில் தலைவர் முனியாண்டி.

"இல்லண்ணே, அது கரண்ட்ட மட்டுந்தான் பார்க்கும்."

அதை நிரூபிக்கக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டேன். எங்கள் வீட்டில் முதலிலேயே மாட்டியிருந்த மீட்டரின் கணக்கைக் கைப்பேசியில் திறந்து, திரையில் பெரிதாகக் காட்டினேன். அவசரத்தில் விரல் எந்தத் தேதியைத் தொட்டதோ, தீமிதிக்குக் குழி வெட்டிய ஞாயிறு வந்து நின்றது. மதியம் முழுக்கக் கோடு மலைபோல் உயர்ந்திருந்தது.

"பாருங்க, இவ்ளோ ஏறினா அது ஏர்கோன். மத்தியானம் பூரா ஓடியிருக்கு."

எல்லாரும் எட்டி எட்டித் திரையைப் பார்த்தார்கள். (என் பேச்சுக்குக் கிடைத்த வெற்றி என்றே நினைத்தேன்.)

முனியாண்டி மெல்லக் கேட்டார். "அன்னைக்கு நீ எங்களோட மண்வெட்டி பிடிச்ச. ஒங்கம்மா இங்கதான் சமைச்சாங்க. ஒன் பெரியப்பாவுக்கு ஒடம்பு முடியலன்னு ஒங்கப்பா தம்பின் டவுனுக்குப் போயிட்டாரு. அப்ப ஏர்கோன்ல யாருலா படுத்திருந்தது?"

மீட்டர் தப்பு என்றால் என் வேலை போச்சு. மீட்டர் சரி என்றால் அப்பாவின் மானம் போச்சு. பின்னால் மேலாளர் கைகட்டி நின்றார். முன்வரிசையில் அப்பா தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருடன் எவனாச்சும்..." என்று இழுத்தேன்.

"திருட வந்தவன் ஏர்கோன் போட்டுத் தூங்குவானா?" என்றார் அம்மா. என்னிடம் கேட்டாலும் பார்வை அப்பா மேல் இருந்தது.

அப்பா எழுந்தார். "மீட்டரு சரியாத்தான் இருக்கு. பையன் தடுமாறுறது எனக்காக. வெயிலுக்குப் பயந்து நாந்தான் வீட்ல படுத்துட்டேன்."

மண்டபமே சிரித்தது. "எங்க வீட்டுக்கும் ஒண்ணு மாட்டிவிடுப்பா. எங்காளும் அடிக்கடி சிரம்பான் போறாரு" என்று பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். மற்றப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆண்கள் வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

வேலை நிரந்தரமானது. ஆனால் "அது கரண்ட்ட மட்டுந்தான் பார்க்கும்" என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை. கணக்கை யாருக்குக் காட்டலாம், யாருக்குக் காட்டக்கூடாது என்பதிலிருந்துதான் பேச்சையே தொடங்குகிறேன்.

எங்கள் எஸ்டேட்டில் யார் கொட்டாவி விட்டாலும், "என்னலா, தம்பினுக்குக் கெளம்பிட்டியா?" என்பார்கள். போன மாதம் பெரியப்பாவுக்கு நிஜமாகவே உடம்பு முடியாமல் போனது. அப்பா பதற்றமாகப் பையை எடுத்துக்கொண்டு, "தம்பினுக்குப் போறேன்" என்றார்.

அம்மா தலையணையை எடுத்துக் கொடுத்தார்.