ஆம்புலன்சுக்கு ஒரு சிபாரிசு

விருத்தாசலம்,
21.6.2009

மரியாதைக்குரிய மச்சான் தேவநாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை சொர்ணாம்பாளைக் கட்டிய கோதண்டபாணி வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. பழமலைநாதர் புண்ணியத்தில் இங்கே நான் உட்பட எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். ‘நான் உட்பட’ என்று ஏன் தனியாக எழுதினேன் என்பது கீழே வரும். ஸ்ரீமுஷ்ணத்தில் நீங்களும் அக்காவும், நிறைமாதமாக இருக்கும் உங்கள் மகள் துர்காவும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. துர்காவுக்கு எந்த நேரமும் வலி வந்துவிடும், ஆகையால் 108 ஆம்புலன்சில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வாசுகியிடம் ஒரு வார்த்தை சொல்லி ஒரு வண்டியைத் தயாராக நிறுத்தி வைக்கும்படி கேட்டிருந்தீர்கள். போன தடவை வாடகைக் கார் தேடி அலைந்ததில் பிள்ளை தங்காமல் போனதையும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து அழுத சொர்ணாம்பாள் அன்று சோறே ஆக்கவில்லை. ஆகையால் உள்ளதை எழுதுகிறேன். அந்த வண்டிக்கு என் சிபாரிசு செல்லாது. யார் சிபாரிசும் செல்லாது. போனில் 108 அடித்தால் வரும், அவ்வளவுதான். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் தெருவும் நம்பவில்லை, அதற்குக் காரணம் நான்தான்.

வாசுகி வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து வீட்டு நல்லமுத்துவின் தகப்பனார் குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லமுத்து ஓடி வந்து, “அண்ணே, பாப்பாகிட்ட சொல்லி ஒரு வண்டி அனுப்பச் சொல்லுங்கண்ணே” என்றான். பாப்பா அப்போது டியூட்டி முடிந்து வந்து உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. நான் 108 அடித்தேன், எந்த ஊர் வண்டியோ ஒன்று வந்தது, அழைத்துப் போனது. நல்லமுத்துவோ தெரு முழுக்க, “அண்ணன் ஒரே ஒரு போனு, பறந்து வந்துச்சில்ல!” என்று சொல்லிவிட்டு மறுநாள் ஒரு பூசணிக்காயும் கொண்டுவந்தான். அப்படியெல்லாம் இல்லையப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் பூசணிக்காய் பெரிதாக இருந்தது. மச்சான், முப்பது வருஷமாகப் பீங்கான் கம்பெனியில் பியூஸ் கேரியர் செய்கிறவன் நான். தன் வழியாகக் கரண்டு பாயாமல் நிற்பதுதான் பீங்கானின் குணம், என் குணமும் அதுதான், என் வழியாக எந்தக் காரியமும் எங்கேயும் பாய்ந்ததில்லை. ரேஷன் கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே “சக்கரை அடுத்த வாரம்” என்பார். அப்பேர்ப்பட்ட என்னிடம் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பைசா வாங்காமல் ஒரு வண்டி வீடு தேடி வருகிறதென்றால் ஆள் தெரியாமல் வருமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். நான் யாரிடமும் வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. “பார்க்கிறேன்” என்று மட்டும் சொல்வேன், பெரிய மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 108 அடிப்பேன். ஒருநாள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கால் ஒடிந்த ஒருவரை ஆட்டோவில் ஏற்றி, பெரியாஸ்பத்திரி வாசலைத் தாண்டி என் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே பெரியாஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ் கேட்டார்கள். பார்க்கிறேன் என்றேன்.

அன்றைக்குப் பார்த்து, வந்த வண்டியிலிருந்து இறங்கியது வாசுகி. ஒடிந்த காலுக்குப் பட்டை வைத்துக் கட்டி ஸ்ட்ரெச்சரில் ஏற்றினாள். பிறகு வந்து, “இவங்கள எதுக்குப்பா வூட்டுக்குக் கொண்டாந்தாங்க?” என்றாள்.

“நம்பி வந்துட்டாங்கம்மா.”

“போன் பண்ணா மெட்ராஸ்ல எடுப்பாங்க. எது கிட்ட இருக்குதோ அந்த வண்டிய அனுப்புவாங்க. நானே நெனச்சாலும் மாத்த முடியாது. நடுவுல நீ எதுக்குப்பா?”

நடுவில் நீ எதற்கு என்று என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை மச்சான், எதன் நடுவிலும் நான் இருந்ததில்லையே. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். போன கிருத்திகைக்கு விரதம் இருந்தேன். சாப்பாட்டை விட்டேன், சர்க்கரை மாத்திரையை விடவில்லை. மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார், சாப்பாட்டைப் பற்றி அவர் ஏதும் சொன்னதாக ஞாபகமில்லை. சொர்ணாம்பாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், வாசலில் குடத்தோடு சாய்ந்துவிட்டேன். அதன்பிறகு நடந்தது எதிர்வீட்டு இஞ்ஞாசியம்மாள் சொல்லித்தான் எனக்கே தெரியும். தெரு முழுக்கக் கூடி நின்றிருக்கிறது.

“108க்குப் போடுங்கப்பா!”

“நாம போட்டா வருமா? அண்ணன் சொன்னாத்தான வரும்?”

“அண்ணன்தான் கெடக்கறாரு!”

“அப்ப எழுப்பி ஒரு வார்த்த சொல்லச் சொல்லு!”

எழுப்புவதற்காக முகத்தில் சோடா அடித்தார்கள், கையில் இரும்புச் சாவி கொடுத்தார்கள், வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார்கள். கடைசியில் நல்லமுத்து தன் செல்லில் 108 அடித்து என் காதில் வைத்தான். “சொல்லுங்க, என்ன எமர்ஜென்சி?” என்று ஒரு குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு நான், “பார்க்கிறேன்” என்றேனாம். “பாக்கறேன்னுட்டாரு, இனிமே வந்துடும்” என்று நல்லமுத்து போனை வைத்துவிட்டான். அப்புறம் எல்லோரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக நின்றிருக்கிறார்கள்.

இஞ்ஞாசியம்மாள்தான், “அந்த மனுசன் பாக்கறது இருக்கட்டும், மூச்சு இழுக்குது பாருங்கடா பாவிங்களா” என்று செல்லைப் பிடுங்கித் தானே அடித்து, தெருப்பேர், கோயில் அடையாளம் எல்லாம் சொன்னது. வந்தது வாசுகி வண்டி. விரலில் குத்திப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றி, நான் கண் திறந்ததும், “உங்க பேரு என்ன? இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டாள். பெற்ற பெண்ணுக்கே என்னை அடையாளம் தெரியவில்லையே என்று கலங்கிவிட்டேன். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க எல்லோரிடமும் அப்படிக் கேட்பார்களாம். எனக்குக் கிழமை தெரியவில்லை. என்னை வார்டில் சேர்க்கும்வரை எல்லாம் முறைப்படி செய்தாள். அதன்பிறகு வெளியே போய் வண்டிப் படியில் உட்கார்ந்து, டிரைவரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கையில் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டாளாம். இதை டிரைவர் சொன்னார். நான் அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகையால் மச்சான், துர்காவுக்கு வலி கண்டதும் எனக்குப் போன் போடவேண்டாம், நான் மயக்கத்தில் இருந்தாலும் இருப்பேன். நேராக 108 அடியுங்கள். என் பெயரை எங்கேயும் சொல்லவேண்டாம், அதற்கு அங்கே ஒரு மதிப்பும் கிடையாது. இதை நீங்கள் நம்பினால் போதும், வேறெதிலும் என்னை நம்பவேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். துர்கா நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கப் பூவராகப் பெருமாளை நாங்களும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்
அ. கோதண்டபாணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் போன் வந்தது. வண்டியிலேயே பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று கேட்டுச் சொர்ணாம்பாள் மறுபடி அழுதாள், ஆனால் கூடவே கேசரி கிண்டினாள். “நானே நேரா 108 போட்டன் மாப்ள. எதுக்கும் இருக்கட்டும்னு உங்க பேரயும் சொன்னன். உடனே வந்துட்டாங்க! உங்க செல்வாக்கு செல்வாக்குதான்” என்றீர்கள். மறுத்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “நம்ம துர்காவுக்குச் செய்யாம வேற யாருக்கு மச்சான் செய்யப் போறேன்” என்று வந்துவிட்டது. உறையில் தபால் தலை ஒட்டியாகிவிட்ட ஒரே காரணத்தால் இதை அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடவும். என் பெயரைக் கேட்டதும் மெட்ராஸ்காரர் என்ன சொன்னார் என்று மட்டும் தவறாமல் பதில் போடவும்.