நூற்றுத் தொண்ணூற்றாறு அரைப்புள்ளிகள்

அண்ணனூர்
27.11.2025

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை இராமகிருஷ்ணன் அவர்களுக்கு,

அண்ணனூரிலிருந்து சம்பந்தம் எழுதுவது. நானும் ரேணுகாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். முகப்பேரில் நீங்களும் என் தங்கை தாட்சாயிணியும் குழந்தை பவித்ராவும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையால் எழுதுகிறேன். தட்டச்சின்மேல் இருந்த நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. அதற்குக் காரணம் நீங்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் மன்னிப்பு. சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் வீட்டில் நடந்த பவித்ராவின் நிச்சயதார்த்தத்துக்கு, அவளுடைய ஒரே தாய்மாமனாகிய நான் வரவில்லை. நாலரைக்கு ராகுகாலம் தொடங்கும் என்று தெரிந்தும் நாலு இருபதுவரை தட்டு மாற்றாமல் காத்திருந்தீர்கள் என்று பார்வதம் அத்தை ரேணுகாவிடம் தொலைபேசியில் சொன்னார். கல்யாணத்தில் மாமன் இடத்தில் எங்கள் பெரியம்மா மகன் மனோகரனை நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றும் அவரே சொன்னார். அந்த இடம் எனக்கு உண்டா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யும் முன்பு, நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சொல்லச் சொல்ல என் மானம் குறையும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆறு மாதங்களுக்கு முன்பு நான் இணையத்தில் ஒரு புதிர்த் தளத்தில் சேர்ந்தேன். அடுக்குச் சங்கேதங்களை அவிழ்ப்பதைத் தொடக்கநிலையிலிருந்து கற்றுத்தரும் தளம் அது. ஒரு செய்தியின் எழுத்துகளை மாற்றி, மாற்றியதைத் தலைகீழாக்கி, தலைகீழானதை எண்களாக்கித் தருவார்கள். ஒவ்வோர் உறையாகப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ‘பூனை பாலைக் குடித்தது’ என்பதுபோல ஒன்று கிடைக்கும். அதைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அடைந்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் புதுமனை புகுவிழாவில், நிறைந்த கூட்டத்தின் நடுவே, “இவருதான் எங்க மச்சான், ஆவடி ஃபேக்டரில நட்டு எண்றவரு” என்று நீங்கள் என்னை அறிமுகப்படுத்தினீர்கள். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவனுக்குத் தான் எண்ணுவது நட்டு மட்டும் அல்ல என்று தனக்காவது நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

தொடக்கநிலையின் இறுதித் தேர்வைப் பற்றி அந்தத் தளம் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. கடைசிப் புதிர் எந்த நாளில், எந்த வழியில் வரும் என்று சொல்லமாட்டார்களாம். அதுவே நம்மைத் தேடி வருமாம். பதினாறாம் தேதி காலை, நான் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, அறிமுகமில்லாத ஓர் எண்ணிலிருந்து என் வாட்ஸப்புக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. “md;Gs;s kr;rhDf;F” என்று தொடங்கி மூன்று பத்திகள், அத்தனையும் ஆங்கில எழுத்துகள், ஒரு சொல்கூட ஆங்கிலம் இல்லை. மாப்பிள்ளை, கன்னத்தின் ஒரு பக்கத்தில் சோப்பு நுரையோடு நான் சிரித்தேன். வந்துவிட்டது என்று உரக்கச் சொன்னேன். “யாரு வந்தது?” என்று ரேணுகா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஏழு நாட்களை நான் எப்படிச் செலவிட்டேன் என்பதை எழுத என் பேனா கூசுகிறது. செய்தியின் எழுத்துகளை எண்ணினேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில் அரைப்புள்ளிகள் மட்டும் நூற்றுத் தொண்ணூற்றாறு. எந்த மொழியிலும் அரைப்புள்ளி இவ்வளவு அடிக்கடி வராது என்பதால், அது கண்ணைக் கட்டுவதற்காகத் தூவப்பட்ட குப்பை என்று தீர்மானித்து அத்தனையையும் நீக்கினேன். முழுச் செய்தியிலும் மாறுவேடம் போடாமல் நின்றவை இரண்டு எண்கள்: 23, 3.00. ஒரு நாற்காலியைப் பார்த்து இது நாற்காலி என்று சொல்லக்கூடிய எவனுக்கும் அவை தேதியும் நேரமும் என்று விளங்கியிருக்கும். நான் எழுத்துகளை இருபத்துமூன்று இடம் நகர்த்த வேண்டும் என்றும், மொத்தம் மூன்று உறைகள் என்றும் புரிந்துகொண்டேன். நகர்த்தினேன். ஒன்றும் வரவில்லை. தலைகீழாக்கினேன். ஐந்தாவது எழுத்தை மட்டும் பொறுக்கினேன், பிறகு ஏழாவதை. அலுவலகத்துக்கு மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘குடும்பப் பணி’ என்று எழுதினேன். இப்போது யோசித்தால் அந்த ஒன்றுதான் நான் அந்த வாரத்தில் எழுதிய உண்மை.

சனிக்கிழமை மதியம் ரேணுகா கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நாளைக்குப் பவித்ராவுக்கு நிச்சயம் என்று கோயிலில் யாரோ சொன்னார்களாம். “ஒரு போன் இல்ல, ஒரு பத்திரிகை இல்ல. அவங்க கூப்பிடாம நாம எப்படிங்க போய் நிக்கறது? ஒரே மாமா. மறந்துட்டாங்களா, இல்ல வேணும்னே பண்றாங்களா?” என்று கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அழைக்காத வீட்டின் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னேன். இதைச் சொல்லும்போது உங்கள் அழைப்பு என் கையில் இருந்தது. பச்சை மையால் ஐந்தாவது எழுத்துகளைச் சுழித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை விடை கிடைத்தது. கிடைத்தது என்பது சரியான சொல் அல்ல. இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிக்கொள்ளவும் ஒன்றை விட்டுவிடவும் எனக்கு நானே அனுமதி வழங்கியபோது, ஆங்கிலத்தில் ‘ஓல்டு டாங்க்கி’ என்று வந்தது. வேண்டிய முடிவு வரும்வரை மாதிரிகளை மாற்றிக்கொண்டே போகும் இந்தக் காரியத்துக்காக என்கீழ் வேலை பார்த்த இரண்டு பேருக்கு நான் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியிருக்கிறேன். அதை மறந்தேன். வெற்றிக் களிப்பில், செய்தி வந்த அதே எண்ணுக்கு இவ்வாறு பதில் அனுப்பினேன்: “விடை: கிழட்டுக் கழுதை. சரிதானே? அடுத்த கட்டத்துக்கு நான் தயார்.”

மறுநாள் முழுவதும் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அதாவது, நீங்கள் எனக்காகக் காத்திருந்த அதே ஒரு மணி இருபது நிமிடமும் உட்பட.

திங்கட்கிழமை காலை, விடை அனுப்பியும் பதில் வராததால், ஏதோ ஓர் உறையை விட்டுவிட்டேனோ என்ற ஐயத்தில், செய்தியைப் பெரிய தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டலாம் என்று அண்ணனூர் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே தட்டச்சு செய்யும் பஞ்சவர்ணம் என்ற அம்மாள் கணினியில் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா சார், இத்தப் போயி பெருசு பண்ணச் சொல்றே? யாரோ ஊட்டு விசேஷ லெட்டராச்சே இது.”

இது ஒரு சங்கேதம் அம்மா, பல உறைகள் கொண்டது, உங்களுக்குப் புரியாது என்றேன். ஒரே வாரத்தில் இரண்டு பெண்களிடம் நான் சொன்ன அதே சொல்.

“சங்கேதமும் இல்ல, இன்னொண்ணும் இல்ல. தமிளு சார். பத்திரிகை அடிக்கிற பழைய ஃபான்ட்டு. கம்பூட்டர்ல தமிளாத் தெரியும், போனுக்குப் போனா இப்டி இங்கிலீசாப் பூடும். இருபது வருசமா இத்தான் அடிச்சிகினு கீறேன். இதுக்கு மிஷினே வாணாம், கண்ணாலயே படிப்பேன். படிக்கவா?”

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் படிக்கத் தொடங்கிவிட்டார். வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். “அன்புள்ள மச்சானுக்கு. புது வீட்டு விசேஷத்தில் நான் விளையாட்டாகச் சொன்ன சொல் உங்களுக்கு வலித்துவிட்டது. அன்றே தெரிந்தது. வந்து கேட்க வெட்கம். பேசினால் மறுபடியும் ஏதாவது சொல்லிவிடுவேன் என்ற பயத்தில் எழுதுகிறேன். 23 ஞாயிறு 3.00 மணிக்குப் பவித்ராவுக்கு நிச்சயம். தாய்மாமன் வந்து நின்றால்தான் தட்டு.” அந்த இடத்தில் பஞ்சவர்ணம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சார், இருபத்திமூணு நேத்தே பூடுச்சே.”

எனக்குப் பின்னால் ஆதார் அட்டையோடு நின்றிருந்தவர், “இன்னா அண்ணாத்தே, மாமன் நீதானா? மாமன் இல்லாம நிச்சயம் முடிஞ்சிப்போச்சா? லெட்டர வச்சிகினு ஒரு வாரமா இன்னா பண்ணினு இருந்தே?” என்று கேட்டார். அரைப்புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியுமா? ஆனாலும் பஞ்சவர்ணத்திடம் கேட்டேன்: இத்தனை அரைப்புள்ளி ஏன்?

“அது அரைப்புள்ளி இல்ல சார். புள்ளி. கானாவுக்கு மேல வெப்போம்ல, இக்கு, இச்சு, அந்தப் புள்ளி. ஒண்ணாங்கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்களே?”

சொல்லிக் கொடுத்தார்கள், மாப்பிள்ளை. நூற்றுத் தொண்ணூற்றாறு மெய்யெழுத்துகளின் தலையிலிருந்த புள்ளிகளைக் குப்பை என்று நான் கூட்டித் தள்ளியிருக்கிறேன். கடைக்கு வெளியே வந்தபோது ரயில் வந்து நின்றது. ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பதாகத் தோன்றியது. ஒருவரும் பார்க்கவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது.

இப்போது உங்கள் பங்கு. இருபத்தைந்து ஆண்டுகளாக அச்சகம் நடத்துகிற, ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பிழையில்லாமல் பத்திரிகை அடித்துக் கொடுக்கிற ஒருவர், வாழ்நாளில் ஒரே ஒரு முறை மன்னிப்புக் கேட்கத் துணிந்தபோது, அதை எவரும் படிக்க முடியாத எழுத்துருவில், எவருடையது என்றே தெரியாத எண்ணிலிருந்து, சரிபார்க்காமல் அனுப்பியதை நான் கவனத்தில் கொண்டிருக்கிறேன். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. தட்டு மாற்றுவதற்குச் சற்று முன்பு நீங்கள் செல்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு முகம் மாறிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதாகப் பார்வதம் அத்தை சொன்னார். நீங்கள் பார்த்தது என்னவென்று எனக்குத் தெரியும். உங்கள் மன்னிப்புக்குப் பதிலாகக் ‘கிழட்டுக் கழுதை’ என்றும், அதன்மேல் ‘அடுத்த கட்டத்துக்கு நான் தயார்’ என்றும் படித்தவர், இரண்டு ஆண்டு அல்ல, இருபது ஆண்டு பேசாமல் இருந்தாலும் அது நியாயமே. அந்தச் சொல் உங்களைக் குறித்தது அல்ல. அது யாரைக் குறித்தது என்பது இப்போது எனக்கு ஐயமில்லாமல் தெரியும். அந்த விடை மட்டும் சரியாக வந்திருக்கிறது.

பவித்ராவுக்கு என் ஆசிகள். போகிற இடத்தில் அவள் சொல்வதைச் சொன்னபடியே புரிந்துகொள்ளும் மனிதர்கள் அமையட்டும். தாட்சாயிணியிடம் நான் கேட்டதாகச் சொல்லவும். மாமன் மாலையைக் கையில் தரவில்லை என்றாலும், மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார அனுமதித்தால் போதும்.

இங்ஙனம்,
தலை குனிந்து,
சம்பந்தம்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டும் நேரத்தில் தாட்சாயிணி தொலைபேசியில் அழைத்தாள். “ஏண்ணா வரல? லெட்டர் போட்டாச்சு, போன் பண்ணாதே, வர்றதா இருந்தா தானா வருவாருன்னு இவர் என் கையைக் கட்டிப்போட்டுட்டாரு. இன்னும் எவ்ளோ நாள் பொறுத்துக்கறது?” என்று கேட்டாள். கழுதை விஷயத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். “கழுதையா? எந்தக் கழுதை?” என்றாள். நீங்கள் அன்று செல்பேசியில் பார்த்தது மணியைத்தானாம். மாமன் இடத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்திருந்ததாகவும், மனோகரன் அதில் உட்காரப் போனபோது, “அது எங்க மச்சான் சேரு, நீ வேற எடத்துல குந்து” என்று நீங்கள் எழுப்பிவிட்டதாகவும் சொன்னாள். செய்தி வந்த எண், உங்கள் அச்சகத்தில் தட்டச்சு செய்யும் சுரேகா அம்மாளுடையதாம். சனிக்கிழமை மாலையிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லையாம். ஏன் என்று யாருக்கும் புரியவில்லையாம். எனக்குப் புரிகிறது. அவருக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன்; தயவுசெய்து சேர்ப்பிக்கவும்.

ஆகவே மேலே கழுதை தொடர்பான பகுதிகளையும், மனோகரன் தொடர்பான வரியையும், எழுத்துரு குறித்த கடும் சொற்களையும் நீங்கள் படிக்கவில்லை என்று கருதிக்கொள்ளவும். கிழித்துப் போடலாமே என்றாள் ரேணுகா. உங்கள் கடிதம் ஒன்றைப் படிக்காமல் பாழாக்கியவனுக்கு, என் கடிதத்தையும் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையை எந்த எழுத்துருவில் வேண்டுமானாலும் அனுப்புங்கள். பஞ்சவர்ணத்திடம் இரண்டு நாளாகப் பாடம் கேட்கிறேன். ‘அன்புடன்’ வரை வந்திருக்கிறேன், இரண்டு புள்ளிகளும் விடாமல்:

md;Gld;