ஓட்டை ஸ்வெட்டரும் ஒரு மப்ளரும்

நீலகிரியில் குளிருக்காக ஸ்வெட்டர் வாங்காத ஒரே மனிதர் எங்கள் ஸ்வெட்டர் சார்தான். அவர் ஓட்டைக்காக வாங்குவார்.

குன்னூர் மார்க்கெட்டில் பழைய துணி விற்பவரிடம் போய், "நல்ல ஓட்டையா ஒண்ணு காட்டுங்க" என்பார்.

"ஏனுங்க சார், ஓட்டையே இல்லாததும் இருக்குதுங்க."

"அதை வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

எங்களுக்கு அவர் பிளஸ் டூ உயிரியல் எடுத்தார். பாடப் புத்தகத்தில் 'பால் சார்ந்த பாரம்பரியம்' என்றொரு பாடம். அவருக்கு முன்பிருந்த ஆசிரியர்கள் தலைப்பைப் பார்த்ததுமே முகம் சிவந்து, "இதை ஊட்டுல படிச்சுக்குங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்களாம். ஸ்வெட்டர் சார் அதை மட்டும் இரண்டு வாரம் நடத்தினார். மிச்சமிருந்த தாவரவியல் முழுவதும் ஒரே பீரியடில் முடிந்தது.

அவர் கணக்கு எளிமையானது. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. அதாவது இரண்டு ஸ்வெட்டர். ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. ஒரு ஸ்வெட்டர், ஒரு மப்ளர். ஸ்வெட்டரில் இருக்கும் ஓட்டைதான் பரம்பரைக் குறை. இரண்டு போட்டவளுக்கு ஒன்றின் ஓட்டையை இன்னொன்று மூடிவிடும். ஒன்றே போட்டவனுக்குக் காற்று நேராக நெஞ்சில் இறங்கும். மப்ளர் அதுவரை எட்டாது.

ஒருநாள் செல்வி என்ற பெண்ணை அம்மாவாகவும் என்னை மகனாகவும் நிறுத்தினார். அம்மாவின் இரண்டு ஸ்வெட்டர்களையும் தேயிலை பறிக்கும் கூடையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து மகனுக்குக் கொடுக்கச் சொன்னார். செல்வி எடுத்ததில் என் தலையே நுழையும் அளவுக்கு ஓட்டை. என் சொந்த ஸ்வெட்டரைச் சார் ஏற்கெனவே கழற்றி வாங்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் பங்காகக் கழுத்தில் ஒரு மப்ளர் மட்டும்.

"ஜன்னலைத் திறங்கடா!"

பனிமூட்டம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வந்தார்.

"ஏண்டா இப்படி நடுங்குற?"

"எங்கப்பா மப்ளர் மட்டுந்தாங்க சார் குடுத்தாரு."

மறுநாள் அப்பாவுக்கு ஆள் போயிற்று. டீ பேக்டரியில் லீவு சொல்லிவிட்டு, கையில் புது ஸ்வெட்டரோடு வந்தார்.

"ஏனுங்க, எம் பையனுக்கு நான் மப்ளர் மட்டும் குடுத்தேன்னு ஆருங்க சொன்னது?"

"நீங்க மட்டும் இல்லீங்க," என்றார் சார். "உலகத்துல எந்த அப்பனும் பையனுக்கு ஸ்வெட்டர் குடுத்ததில்லீங்க. எம் பையனுக்கும் நான் குடுத்தது மப்ளர்தாங்க."

அப்பா வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பினார். "பாவம், வாத்தியாரும் ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பமாட்ட இருக்குது" என்றார். புது ஸ்வெட்டரைச் சாரின் பையனுக்கே கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அந்த வகுப்பில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டேன். தலைமையாசிரியர் போனதும் பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "பெத்த புள்ளைய இப்படி நடுங்க விட்டுட்டியே செல்வி!" என்றான். வகுப்பே சிரித்தது. செல்வி அழுதுவிட்டாள். சார் தானே போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அழுவாத கண்ணு. கண்ணை மூடிட்டுத்தான எடுத்த? ஓட்டையை நீயா போட்ட?"

பிறகு தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தினார்.

போன மாதம் என் பதினேழு வயது மகனுக்குக் கடைவாய்ப் பல் எடுத்தார்கள். இரண்டு நாளாகியும் ரத்தம் நிற்கவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், ரத்தம் உறைவதில் பிறவிக் குறை என்றார்கள். லேசான வகைதான், தேவைப்படும்போது ஊசி போட்டால் போதுமாம். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனாலும் அவன் பல் தேய்த்துவிட்டுப் போன பிறகு வாஷ்பேசினை நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

தாய் வழியாக வருவது என்று டாக்டர் சொன்னதை மட்டும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். வீடு வந்து மூன்று நாளாகியும் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னாலதானுங்க" என்பதைத் தவிரப் பேச்சில்லை. என் அம்மா வேறு, "எங்க ஊட்டுல ஆருக்கும் இப்படி இல்லியே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பீரோவிலிருந்து இரண்டு ஸ்வெட்டர்களை எடுத்தேன். கத்தரிக்கோலால் ஒன்றின் நடுவில் வெட்டினேன்.

"டேய், புது ஸ்வெட்டருடா!" என்று அலறினாள் அம்மா.

பாடம் முழுவதையும் நடத்தினேன். அம்மா கடைசிவரை கேட்டாள்.

"அப்ப எம் பேரனுக்கு நீ என்னதான்டா குடுத்த?"

"மப்ளரும்மா."

"அவ்வளவுதானா? அப்படியே உங்கப்பனை உரிச்சு வெச்சிருக்குற."

மனைவி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. நான் சொன்னேன்: "கண்ணை மூடிட்டுத்தான எடுத்த? ஓட்டையை நீயா போட்ட?"

அவள் ஸ்வெட்டரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அம்மா எழுந்துபோய்ச் சோறு போட்டு வந்து அவள் முன்னால் வைத்தாள். "சாப்பிடு கண்ணு" என்றாள், இந்த முறை சுவரைப் பார்க்காமல்.

வெட்டிய ஸ்வெட்டர் பீரோவில்தான் இருக்கிறது. மனைவி தைத்துத் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். நல்ல ஓட்டை. சார் என்றைக்காவது வந்து கேட்டால் கொடுக்க வேண்டும்.