ரம்புட்டான் மரத்துக்கு எந்தக் கலிபர்?

யட்டவத்த,
ஞாயிறு பூசை கண்டு வந்த கையோடு.

கனடா தேசத்துப் பனிக்குள் பாசறை அமைத்து, உலகத்துச் சேனைகளுக்கெல்லாம் யூடியூப்பில் தமிழிலேயே தோட்டா பொறுக்கிக் கொடுக்கும் என் அருமை மருமகன் ரொமேஷுக்கு, யட்டவத்த ரம்புட்டான் பாதுகாப்புப் படையின் பிரதம தளபதியும் அந்தப் படையின் ஒரே சிப்பாயுமாகிய உன் தாய்மாமன் சில்வெஸ்டர் கம்பீரமாக எழுதிக்கொள்வது. இங்கே மூட்டுவலி நீங்கலாக நானும், உன்னைப் பார்க்காத குறை நீங்கலாக உன் அம்மாவும் சுகம். அங்கே உன் சுகத்துக்காக அந்தோனியாரிடம் தினமும் சொல்லி வருகிறோம். அவருக்கே கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும்.

நிற்க. விஷயம் போர். நீ விமானம் ஏறிய வாரம் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புட்டான் ஒட்டுக்கன்றை நட்டுவிட்டு, "இது காய்க்கிற வருஷம் வந்துருவேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அது இந்த வருஷம் காய்த்துவிட்டது. காய்ப்பென்றால் சாதாரணக் காய்ப்பா? பாரம் தாங்காமல் மரம் ஓரடி பூமிக்குள் இறங்கிவிட்டது. அந்தச் சிவப்பு பெருந்தெருவிலுள்ள நம் நாலந்தா வரைக்கும் தெரிந்து, தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போன லொறியெல்லாம் சிக்னல் விழுந்துவிட்டதென்று பிரேக் போட்டதாகக் கேள்வி. உன் அம்மா டொறீன் உடனே ஒரு சட்டம் போட்டாள்: "ஒருத்தரும் ஒரு பழம் தொடக்கூடாது. மகன் வந்து அவன் கையால பறிக்கட்டும்." சட்டத்தை நானும் கேட்டேன், காட்டுக் குரங்குகளும் கேட்டன. நான் கீழ்ப்படிந்தேன்.

மாத்தளை மாவட்டத்துக் குரங்குகள் அத்தனையும் கூட்டம் போட்டு ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி நம் வேலிக்கு வந்து இறங்கிவிட்டன என்றால் நம்பு. பக்கத்துத் தோட்டத்தில் மிளகு வைத்திருக்கும் நளீம் இரக்கப்பட்டு, தன்னுடைய வாயுத் துப்பாக்கியைக் கொடுத்தார். குழல் துவாரம் நாலரை மில்லிமீட்டர்; அந்த அளவுக்குத்தான் கலிபர் என்று பெயராம். ஆயுதம் கையில் வந்ததும் அறிவு வேண்டுமல்லவா? "நவீன போர்க்களத்துக்கு எந்தக் கலிபர்?" என்ற உன் வீடியோவைப் போட்டேன். உன் அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். அதிலிருந்து தினமும் அதே வீடியோதான். நீ வந்து "வணக்கம் உறவுகளே" என்பாய், அவள் ஃபோனைப் பார்த்து "வணக்கம் மகன், சாப்பிட்டியா?" என்பாள். "5.56 தோட்டா எடை குறைவு, நெறைய கொண்டு போகலாம்" என்பாய். "அதையே கொண்டு போ மகன், தோள் வலிக்காது" என்பாள். "7.62 தூரம் போகும், ஆனா ஒதைக்கும்" என்பாய். "தூரம் போறது நமக்கு வேணாம் மகன்" என்பாள். புதிதாக வந்திருக்கும் 6.8 இரண்டுக்கும் நடுவில் என்று நீ கையை விரித்துக் காட்டும்போது அவள் என் பக்கம் திரும்பி, "மெலிஞ்சிட்டான் அண்ணே, கழுத்தெலும்பு தெரியுது" என்பாள்.

"ஏய் டொறீன், அது ரெக்கோர்டிங். நீ பேசுறது அவனுக்குக் கேக்காது" என்றேன் ஒருநாள்.

"தெரியும் அண்ணே. ஃபோன் எடுத்தா 'வேலையில நிக்கிறேம்மா, பொறகு எடுக்கிறேன்'ங்கிறான். இதுலதான் ஃபோன வெக்காம பேசுறான்."

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

முதல் வேட்டு. குறி தலைவன் குரங்கு, பட்டது நம் தண்ணீர்த் தாங்கி. ஆசியாவிலேயே அழகான நீர்வீழ்ச்சி ஒன்று அன்று நம் குசினிப் பக்கம் திறந்துவைக்கப்பட்டது; குரங்குகள் குடும்பத்தோடு வந்து குளித்துவிட்டுப் போயின. கலிபர் போதாது, ஐந்தரை மில்லிமீட்டர் வேண்டும் என்று நான் அறிக்கை விட்டேன். நளீம் தாங்கியின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்து, "கலிபர்ல பிழையில்ல சில்வெஸ்டர் அண்ணே. கண்ணாடியப் போட்டுட்டு சுடுங்க. அதுவும் சத்தத்துக்கு மட்டும், வானத்தப் பாத்து" என்றார். சரியென்று கண்ணாடி போட்டுக் குறிபார்த்தால், தாய்க்குரங்கு ஒன்று, வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கும் குட்டியோடு. உன் அம்மா ஓடிவந்து குழலைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளையோட வந்திருக்கா அண்ணே. பாருங்க, அம்மாவ விட்டு எறங்கவே மாட்டேங்குது அது." அத்தோடு அந்தப் போர்முனை மூடப்பட்டது.

கடைசி அஸ்திரம் நீதான். உன் வீடியோவில் வரும் வேட்டுச் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கரில் மரத்தடியில் போட்டேன். முதல் நாள் குரங்குகள் ஓடின. கூடவே நளீமின் ஆடுகளும், யாருக்கோ வரன் பேச வந்த தரகரும் ஓடினார்கள். தரகர் இன்னும் திரும்பவில்லை. அடுத்த நாள் குரங்குகள் மதிலில் வந்து வரிசையாக உட்கார்ந்தன. அதற்கடுத்த நாள் "வணக்கம் உறவுகளே" கேட்டதுமே எங்கிருந்தாலும் வந்துவிடுகின்றன. லைக் போடத் தெரிந்திருந்தால் நீ இந்நேரம் கோடீஸ்வரன். இப்போதைக்கு உன் மூன்று லைக்கில் இரண்டு எங்களுடையது, மற்றது நளீமுடையது.

ஆகவே நிபுணரே, எனக்குப் பதில் வேண்டும்: ரம்புட்டான் மரத்துக்கு எந்தக் கலிபர்? களத்தைக் கண்ணால் பார்க்காமல் ஆயுதம் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அந்த வீடியோவில் நீயே மேசையில் தட்டிச் சொல்லியிருக்கிறாய். ஆகையால் பதிலை வீடியோவாகப் போடாதே. களத்துக்கு வா. இத்தனை சேதத்துக்குப் பிறகும் கீழ்க்கிளையில் பழம் தொங்குகிறது. உன் அம்மா காலையில் எழும்பியதும் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்கு அண்ணே" என்கிறாள். தளபதி உயிரோடு இருக்கும்வரை அது இருக்கும்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு நட. மாதா உன்னைத் தன் சீலைத் தலைப்புக்குள் வைத்துக் காக்கட்டும். கடிதம் கண்டதும் மறுமொழி வேண்டாம், நீயே வேண்டும்.

அன்பு மாமன்,
சில்வெஸ்டர்

பி.கு.: மேலே கண்ட போரை நான் எப்போதோ தோற்றுவிட்டேன். மரத்தில் ஒரு பழம்கூட இல்லை. கீழ்க்கிளையில் தொங்குவது நான் சந்தையில் வாங்கி, அவள் எழும்புமுன் நூலால் கட்டிவைப்பது. பழம் இருக்கும்வரை நீ வருவாய் என்று அவள் நம்புகிறாளே, என்ன செய்ய? இதை எழுதி முடிக்கும்போது டொறீன் தேத்தண்ணியோடு வந்து, ஒரு நூல்கட்டையை என் பக்கத்தில் வைத்தாள். "வெள்ளை நூல் ரோட்டுக்கே தெரியுது அண்ணே. பச்சையில கட்டுங்க. பழம் முடிஞ்சத மகன்கிட்ட சொல்லிடாதீங்க, வராம இருந்துருவான்." கட்டை பெரிதுதான். இருந்தாலும் அது தீருவதற்குள் வந்துவிடு.