நாற்பத்தாறு வயது நீரஜா

வணக்கம், எல்லோரும் சௌக்கியம்தானே? வீட்டில் பிள்ளைகள் வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? கூப்பிட்டால் போனிலிருந்து தலையாவது நிமிர்கிறதா? நிமிராவிட்டாலும் கவலை வேண்டாம். பெற்றவர்களைவிடப் பிள்ளைகள்மேல் பாசம் வைத்த ஜீவன் ஒன்று இந்தப் பூவுலகில் உண்டு. அதுதான் 'குலுக்கல்' கம்பெனி. செல்போனில் வீடியோ காட்டியே உலகத்தை வாழவைக்கும் மகா நிறுவனம்.

அந்தப் பாசத்தைத் திருப்பதியில் ஓர் ஓட்டலின் ஏசி ஹாலில் 'குழந்தை நலக் காப்புப் பெருவிழா' என்று கொண்டாடினார்கள். புத்தலப்பட்டிலிருந்து பஸ் பிடித்து யாமினியும் வந்திருந்தாள். பக்கத்தில், துண்டால் தலையை மூடிக்கொண்டு மகள் நீரஜா, ஆறாம் வகுப்பு. வேண்டுதலுக்குத் திருமலையில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, நெற்றியில் நாமம் இட்டு, ஆசையாகக் குலுக்கலில் படம் போட்டாள். யாரோ அதை எடுத்துக் கேலிப் பாட்டுச் சேர்த்து வீடியோவாக்கிப் பரப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே அவள் தன் படத்தை அழித்தாள். அந்த வீடியோ அழியவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். வீடியோவை எடுக்கவைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று யாமினி வந்திருந்தாள்.

கம்பெனியின் குழந்தை நல அதிகாரி பவன்குமார் மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து இறங்கினார்.

"சார், பொண்ணு அழுதுகினே கீது. சோறே துன்ன மாட்டேங்குது. அந்த வீடியோவ எடுத்துடுங்க சார்."

"கண்டிப்பாம்மா! குழந்தைங்கன்னா எங்களுக்கு உயிரு. கம்ப்ளைண்ட் குடுத்தீங்களா?"

"குடுத்தேனே. பெரியவங்கள கேலி பண்றது தப்பு இல்லன்னு பதில் வந்துது."

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சரி, சரி! எங்க மெஷின் மூஞ்சியப் பாத்தே வயசு சொல்லிடும்மா. மொட்டை, நெத்தியில நாமம். நாப்பத்தாறு வயசு ஆம்பளன்னு பதிவாயிருக்கு."

"இதோ எதுருல நிக்குதே சார், பதினோரு வயசுப் புள்ள!"

"நீங்க சொல்றீங்க. மெஷின் ஒத்துக்கணுமே? முடி வளந்தப்புறம் இன்னொரு தரம் மூஞ்சியக் காட்டச் சொல்லுங்க."

"மலைமேல போய்ப் பாருங்க சார், இடுப்புல கீற கொழந்தைக்கும் மொட்டைதான். அதெல்லாம் உங்க மெஷினுக்கு மாமனாருங்களா?"

பின்வரிசையில் சிரிப்பு. பவன்குமார் சிரிக்கவில்லை. குழந்தை நலம் சிரிக்கிற விஷயமா?

அப்போது நீரஜா கையிலிருந்த போன் கிணுகிணுத்தது. குலுக்கலில் ஒரு விளம்பரம். யாமினி வாங்கி, ஹாலுக்கே கேட்கும்படி படித்தாள்.

"'நீரஜா பாப்பா! மொட்டைன்னு ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்களா? பதினோரு வயசுப் பொண்ணுங்களுக்குன்னே ஸ்பெஷல் முடித் தைலம். அம்மாகிட்ட இப்பவே அடம் புடி!'"

படித்து முடித்துப் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யாரு சார் அனுப்பினது?"

"அது... விளம்பரப் பிரிவும்மா. அது வேற மெஷின்."

"வயசு கரெக்டா சொல்லுதே! அந்த மெஷின கூப்புட்டு வீடியோவ எடுக்கச் சொல்லுங்க."

"அதுக்கு எடுக்கல்லாம் தெரியாதும்மா," என்றார் பவன்குமார், பச்சைக் குழந்தை போல. "விக்க மட்டும்தான் தெரியும்."

உடனே டீ இடைவேளை அறிவித்தார்கள். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தைல விளம்பரமும் அதற்கு நடுவிலேயே வருகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை அழும்போது அதற்கு என்ன வயது, வாங்கும்போது என்ன வயது? ஒரு வரி எழுதிப் போடுங்களேன்.