காவேரி போட்ட கோழிக்கால்

மாரண்டஹள்ளி,
புதன்கிழமை காலை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் முனிராஜ் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் பச்சியப்பன் ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் என் முழங்காலும் கறவை மாடும் நலம். ஓசூரில் நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருக்க முருகன் துணை செய்யட்டும். உன் அக்கா காவேரியின் நலம் பற்றித்தான் இந்தக் கடிதம். அவள் தேவைக்கு அதிகமாக நலமாக இருக்கிறாள். போனில் சொல்லலாம் என்றால் அவள் காதில் விழும். ஆகவே பேனாவில் மை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீயே நியாயம் சொல். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் சமுதாயக் கூடத்தில் ஓவிய முகாம் என்றார்கள். நடத்தியது வெண்மதி என்ற பெண். இண்டூர்க்காரி, பெங்களூரில் ஓவியம் படித்தவள். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கோடு போடக் கற்றுக்கொடுத்தவன் என்பதால் என்னைத் தலைமை தாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். போனால், எல்லோரோடும் பாயில் உட்காரச் சொன்னார்கள். என் பக்கத்தில் எதிர்வீட்டு மாதவராஜ், தக்காளி மண்டியில் எடை போடுகிறானே, அவன். அந்தப் பெண் ஒரு தாளை மூன்றாக மடித்துக் காட்டி, "முதல் ஆள் தலை வரையணும், மடிச்சிடணும். அடுத்த ஆள் உடம்பு. கடைசி ஆள் காலு. ஒருத்தர் வரைஞ்சத இன்னொருத்தர் பாக்கக் கூடாதுங்க" என்றாள். நூறு வருடத்துக்கு முன்னால் பாரிசில் சில ஓவியர்கள் கூடி ஆரம்பித்த விளையாட்டாம். அந்த வழிக்கு சர்ரியலிசம் என்று பெயராம். என் காதில் 'சரியில்லிசம்' என்றுதான் விழுந்தது, இன்றுவரை அதுவே பொருத்தமாகவும் படுகிறது. "பாக்காம வரைஞ்சா அளவு எப்படிம்மா பொருந்தும்?" என்று கேட்டேன். "பொருந்தவே கூடாதுங்க சார், அதுலதான் விசயமே இருக்குது" என்றாள். இப்படிச் சொல்கிறவளிடம் என்ன பேசுவது?

சரி, பெரியவன் என்று தலையை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு ராஜா முகம் வரைந்தேன். நாற்பது நிமிடம். மகுடத்தில் பதினேழு கல், ஒவ்வொன்றுக்கும் ஒளி விழும் பக்கம், நிழல் விழும் பக்கம் எல்லாம் வைத்து. மாதவராஜ் என்ன வரைந்தான் என்று தெரியாது, இரண்டு நிமிடத்தில் மடித்துவிட்டான். மூன்றாவது ஆள் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான், மாப்ளே, உன் அக்கா என் பி.பி. மாத்திரையையும் சோற்றுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "அம்மா, நீங்க உக்காருங்க" என்று வெண்மதி பிடித்து உட்கார வைத்துவிட்டாள். உன் அக்கா ஆயுசில் பென்சிலைப் பிடித்தது பால் கணக்கு எழுதத்தான். கூச்சத்தில் தூக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாள் மேலேயே வைத்தாள். தூக்கின் அடியில் ஒழுகியிருந்த தக்காளிக் குழம்பு அப்படியே தாளில் இறங்கிவிட்டது. "அய்யய்யோ" என்று முந்தானையால் துடைத்தாள். துடைத்ததில் கறை ஒரு பக்கம் வால் மாதிரி இழுத்துக்கொண்டது. எனக்கு மானமே போயிற்று. வெண்மதியோ, "விடுங்கம்மா, தொடைக்காதீங்க. அது என்ன மாதிரி தெரியுதுன்னு சொல்லுங்க" என்றாள். உன் அக்கா தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் பார்த்து, "பொட்டக்கோழி ஓடுற மாதிரி இருக்குது கண்ணு" என்றாள். "அப்ப காலு போடுங்க." போட்டாள். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். அவ்வளவுதான் அவள் செய்தது, முனிராஜ். இரண்டு கால்.

தாளைப் பிரித்தார்கள். மேலே என் ராஜா, நடுவில் உடம்புக்குப் பதில் ஒரு தக்காளிக் கூடை, கீழே அத்தனையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற கோழி. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்த பிறகும் யாரும் நகரவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார்கள். மாதவராஜ், "நம்ம ராஜா எங்கியோ கடன்காரன் கண்ணுல மாட்டிக்கிட்டாரு போல" என்றான். வெண்மதி, "இந்தக் கறைதாங்க வரம். யாராலயும் யோசிச்சு வரைய முடியாது" என்று உன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகுடத்தைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர், வாய் திறக்க வேண்டுமே! பதினேழு கல்!

அடுத்த சுற்றில் எனக்கும் ஒரு வரம் கிடைக்கட்டும் என்று காபி டம்ளரைத் தவறுதலாகத் தட்டிவிட்டேன். அது தாளில் விழாமல் மாதவராஜின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. "சார், இது வேணும்னே ஊத்துனதுங்க" என்று அந்தப் பெண் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், தட்டுவதற்கு முன் நான் தாளை நேராக்கி வைத்தேனாம்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். காவேரி பால் ஊற்றப் போகிற நேரம் பார்த்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தாளை விரித்து, தானாக ஏதாவது ஆகட்டும் என்று பழகிப் பார்த்தேன். மை சொட்டினேன், கண்ணை மூடிக்கொண்டு டீ ஊற்றினேன், இடது கையால் கூட ஊற்றினேன். மாப்ளே, என் கறை வட்டமாக வருகிறது! காம்பஸ் வைத்துப் போட்டது போல. ஒரு நாள் தாளில் ராகியைத் தூவி நிஜக் கோழியையே மையில் நடக்க விட்டேன். அது ராகியை மட்டும் தின்றுவிட்டு ஓரமாக நடந்து போய்விட்டது. இங்கே உன் அக்காவோ, மாவு சிந்தினால் "இது யானைங்க", சுவரில் காரை பெயர்ந்தால் "இது தாடிக்காரனுங்க" என்கிறாள். தெருப் பெண்கள் கறை பட்ட காகிதத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருகிறார்கள். "மாஸ்டர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று என்னையே நகர்த்திவிட்டு அவளைச் சுற்றி உட்காருகிறார்கள். நான் தள்ளித்தான் உட்காருகிறேன்.

இதெல்லாம் போகட்டும். நேற்று முன்தினம் பெங்களூரிலிருந்து வெண்மதியின் தபால் வந்தது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அங்கே கண்காட்சி, அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்களாம், மூன்று நாள் வந்து தங்க வேண்டுமாம். அழைப்பிதழில் என்ன அச்சடித்திருந்தது தெரியுமா? 'ஓவியர் காவேரி மற்றும் குழுவினர்.' நான் குழுவினர். நானும் தக்காளி எடை போடுகிற மாதவராஜும் சேர்ந்து குழுவினர்! மாதவராஜ் அதைப் போட்டோ எடுத்து மண்டியில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான், அவனுக்குச் சூடு சொரணை கிடையாது.

"பெங்களூரும் வேணாம், ஒண்ணும் வேணாம். மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?" என்றேன். அவள் சண்டை போடவில்லை. அடுப்பில் களியைக் கிண்டிக்கொண்டே, "முப்பது வருசத்துக்கு மேல உங்க பென்சில சீவிக் குடுத்திருக்கேன். ஒரு நாளு, நீயும் ஒரு கோடு போடேன்னு சொல்லியிருக்கீங்களா?" என்றாள். சொன்னதில்லைதான். களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாளாக வீட்டில் மாட்டுச் சத்தம்தான் கேட்கிறது.

ஆகையால் முனிராஜ், நீதான் இதைத் தடுக்க வேண்டும். உன் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது என்று அக்காவுக்குப் போன் போடு. பெங்களூர் போகிறவள் ஓசூரோடு நின்றுவிடுவாள். பொய் சொல்வது பாவம்தான், ஆனால் குடும்பம் நிலைக்க வேண்டும். உன் தங்கமான குணத்துக்கு ஒரு குறையும் வராது. உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், யாருக்கும் குழுவினராக இல்லாமல் வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மாமா,
பச்சியப்பன்,
ஓவிய ஆசிரியர் (ஓய்வு).

பின்குறிப்பு: வியாழன் காலை. கடிதத்தை உறையில் போடப் போகும்போது காவேரி வெளியே வெண்மதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "அவுரு வரலீன்னா நானும் வரலம்மா. தலைய வூட்ல வச்சிட்டு காலு மட்டும் எங்க போவுறது? அந்த மகுடத்துல பதினேழு கல்லு வச்சிருக்காரு, நீ எண்ணிப் பாத்தியா? நான் எண்ணுனேன்" என்றாள். மாப்ளே, நான் உள்ளே வந்து மறுபடி பேனாவில் மை ஊற்றினேன். மேலே எழுதிய எதையும் செய்யாதே. போன் போடாதே, உன் மனைவியை விழ வைக்காதே. மாட்டை மாதவராஜின் சம்சாரம் பார்த்துக்கொள்வாள். அடுத்த வாரம் சனிக்கிழமை மதியம் நாங்கள் இருவரும் உன் வீட்டுக்கு வந்து, தங்கி, மறுநாள் பெங்களூர் போகிறோம். அந்தக் கோழிக்கால், உண்மையைச் சொன்னால், என்னால் போட முடியாது. ஆனாலும் சாப்பிடும்போது அதைப் புகழ்ந்து பேசாதே, எனக்குச் சோறு இறங்காது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் இந்த வயதில் நான்கு பக்கம் ஓர் எழுத்துகூடக் கோணாமல் வந்திருக்கிறது. உன் அக்கா கண்ணில் படாமல் வைத்துக்கொள். யாராவது ஒருவராவது பார்க்க வேண்டாமா?